வெப்பக் கடலில் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெதுவெதுப்பான ஒரு கடலோரத்தில் விடுமுறை, நடுவில் ஒரு காலை திமிங்கிலம் பார்க்கப் படகேறுவது. நினைக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. சந்தேகங்கள் எல்லாம் டிக்கெட் போட்ட பிறகே வருகின்றன, அவற்றில் பாதிக்கு டிக்கெட் போடும் முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் பலர் கேட்டவற்றையும், நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊரை முடிவு செய்வதா, மாதத்தையா?

முதலில் திமிங்கிலத்தை முடிவு செய்யுங்கள். ஊரும் மாதமும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

நாம் பார்க்கப் போகும் திமிங்கிலங்களில் பல, வெப்பக் கடலில் குடியிருப்பவை அல்ல. ஹம்ப்பேக் எனப்படும் கூன்முதுகுத் திமிங்கிலமும் சாம்பல் திமிங்கிலமும் கோடை முழுக்கத் துருவத்தை ஒட்டிய குளிர்க்கடலில் வயிறு புடைக்கத் தின்னும். குளிர்காலம் நெருங்கியதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வெப்பக் கடலுக்கு இறங்கிவரும். அலாஸ்கா பக்கத்திலிருந்து ஹவாய்க்கு மட்டுமே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வருவது இணை தேடவும் குட்டி போடவும்தான். வந்த இடத்தில் அநேகமாகப் பட்டினி. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் தாய் பால் கொடுக்கிறது. பிறந்த ஹம்ப்பேக் குட்டி 4 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும், எடையும் ஏறத்தாழ ஒரு டன். என்றாலும் குளிரைத் தாங்கும் கொழுப்புப் போர்வை அதற்கு இன்னும் கனமாகவில்லை. வெதுவெதுப்பான, அலை குறைந்த, ஓர்க்கா எனப்படும் கொலையாளித் திமிங்கிலத்தின் தொல்லை அதிகம் இல்லாத நீர் குட்டிக்கு நல்லது என்பது வழக்கமான விளக்கம். பழைய தோலைப் புதுப்பிக்கவும் வெப்பக் கடல் உதவுகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

விருந்தாளி எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் எப்போது போகலாம், எவ்வளவு தள்ளி நிற்கலாம், எதைப் பார்க்கக் கிடைக்கும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

சரி, எந்த மாதத்துக்கு எந்தக் கடல்?

பூமியின் வடபாதிக்கும் தென்பாதிக்கும் குளிர்காலம் நேரெதிர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை விடுமுறை கிடைத்தால் வடபாதி. ஹவாயில் ஹம்ப்பேக்குகள் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும் என்றாலும் கூட்டம் கூடுவது இந்த மூன்று மாதங்களில்தான். மௌயி தீவை ஒட்டிய ஆழமில்லாத கடல் அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். டொமினிக்கன் குடியரசின் சமானா விரிகுடாவிலும் ஏறத்தாழ இதே காலம். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் உள்ள உப்பங்கழிகளுக்குச் சாம்பல் திமிங்கிலங்கள் வருகின்றன. அங்கே பிப்ரவரியும் மார்ச்சும் உத்தமம்.

ஜூலை முதல் அக்டோபர் வரை என்றால் தென்பாதி. டோங்கா, ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடா, மடகாஸ்கரின் செயின்ட் மேரி தீவு, ஈக்வடாரின் புவெர்ட்டோ லோப்பஸ் எல்லாமே ஹம்ப்பேக் பார்க்கும் இடங்கள். மடகாஸ்கர் பக்கம் செப்டம்பருக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டு பாதிகளின் திமிங்கிலங்களும் வந்துபோகும் இடம் ஒன்றும் இருக்கிறது, கோஸ்ட்டா ரிக்காவின் பசிபிக் கரை. ஊவிட்டா என்ற ஊரை ஒட்டிய மரீனோ பயேனா தேசியப் பூங்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் தெற்கிலிருந்து வந்தவை தெரியும், ஜனவரி, பிப்ரவரியில் வடக்கிலிருந்து வந்தவை. வேடிக்கை என்னவென்றால், நீர் வற்றும் நேரத்தில் அங்கே தலைகாட்டும் மணல்திட்டு திமிங்கிலத்தின் வால் மாதிரியே இருக்கும்.

விடுமுறையை நகர்த்தவே முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் டெனெரிஃபேக்கும் லா கொமேராவுக்கும் இடைப்பட்ட கடலில் பைலட் திமிங்கிலங்கள் ஆண்டு முழுக்க இருக்கின்றன. கரீபியனின் டொமினிக்காவில் ஸ்பெர்ம் திமிங்கிலக் குடும்பங்கள் நிரந்தரமாகவே வாழ்கின்றன. 2023 நவம்பரில் அந்த நாடு அவற்றுக்கென்று ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தது. (டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. விமான டிக்கெட் போடும்போது கவனம், இதில் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.)

நீலத் திமிங்கிலம் பார்க்க வேண்டுமென்றால் குளிர்ப் பிரதேசத்துக்குத்தானே போக வேண்டும்?

போக வேண்டாம். மேலே சொன்ன கதைக்கு அழகான விதிவிலக்கு இலங்கைக் கடல்.

வட இந்தியப் பெருங்கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போய்த் தின்றுவிட்டு வருவதில்லை. வெப்பக் கடலிலேயே தின்று, வெப்பக் கடலிலேயே குட்டி போட்டு வாழ்கின்றன. அன்டார்க்டிக் நீலத் திமிங்கிலத்தைவிடக் கொஞ்சம் சிறியவை. சிறியவை என்றாலும் நம் படகைவிட நீளமாக இருக்கலாம். இவற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் இவற்றை மரபை மீறிய திமிங்கிலங்கள் என்பார். மற்ற இடங்களில் நீலத் திமிங்கிலம் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்னும், இங்கே பெரும்பாலும் வேறொரு வகைச் சிறு இறால்.

இலங்கையின் தெற்கு முனையில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடித் தளம், மிகவும் குறுகலானது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சடாரென்று ஆழமாகிவிடுவதால், மிரிஸ்ஸவிலிருந்து காலையில் கிளம்பும் படகு மதியத்துக்குள் நீலத் திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிகிறது. உலகில் இந்த வசதி உள்ள இடங்கள் மிகக் குறைவு.

அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். கிழக்குக் கரையில் திருகோணமலைக்கு மே முதல் ஆகஸ்ட் வரை. இந்த மாற்றத்தைத் திமிங்கிலத்தின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது, கடலின் கணக்கிலும் எழுத வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் தெற்குக் கடல் கொந்தளித்து, சுற்றுலாப் படகுகள் ஓய்ந்துவிடும். திமிங்கிலம் அங்கே இருந்தாலும் பார்க்கப் போக முடியாது. ஆகவே எந்த ஊராக இருந்தாலும் ‘திமிங்கிலம் எப்போது வரும்’ என்று கேட்டதும் ‘அப்போது கடல் எப்படி இருக்கும்’ என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தத் தெற்கு முனையை ஒட்டித்தான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. சுற்றுலாப் படகுகளும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. சீசன் உச்சத்தில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்வது அங்கே பழைய புகார். படகைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

சீசனுக்குள் எப்போது போனாலும் ஒன்றுதானா?

இல்லை. ஹம்ப்பேக்குகளில் இது நன்றாகத் தெரியும். சீசன் உச்சத்தில் ஆண்களின் ஆர்ப்பாட்டம் அதிகம். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து பல ஆண்கள் முட்டி மோதி, நீரை அறைந்து விரையும் காட்சி அப்போதுதான் கிடைக்கும். கடைசிக் கட்டத்தில் தாய்களும் குட்டிகளும் மிஞ்சியிருக்கும். நீண்ட பயணத்துக்கு முன்னால் குட்டிக்குச் சதை பிடிக்க வேண்டும், அதனால் தாய் கடைசிவரை காத்திருக்கிறது. குட்டியும் துள்ளப் பழகியிருக்கும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிக் கட்டம்தான். கூட்டமும் குறைவு. ஆனால் சீசனின் ஓரத்தில் போகிறவர் ஏமாற்றத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். என் முதல் பயணமே அப்படி ஆனது. ‘இன்னும் ஒரு வாரம் இருக்கிறது’ என்று நம்பிப் போனேன், படகில் இருந்த முப்பது பேரும் கடற்பறவை பார்த்துத் திரும்பினோம்.

எத்தனை நாள் ஒதுக்குவது?

குறைந்தது மூன்று காலைகள் கையில் இருக்கட்டும். மூன்று முறையும் கடலுக்குப் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. காற்று பலமாக இருந்தால் துறைமுகம் படகை விடாது, திமிங்கிலமும் சொன்ன நேரத்துக்கு வராது. படகுப் பயணத்தை வந்திறங்கிய மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டால் மிச்ச நாள் உங்களுடையது, பார்க்காவிட்டால் இன்னொரு காலை இருக்கிறது. கடைசி நாளில் வைத்துவிட்டு வானிலை அறிக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு ஊரிலும் காணலாம்.

காலைப் படகா, பிற்பகல் படகா?

காலை. வெயில் ஏற ஏறத் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், அதனால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். காற்று வலுத்தால் அலைகளின் தலையில் வெள்ளை நுரை கட்டும். அந்த நுரைக்கு நடுவே தூரத்தில் எழும் மூச்சுப் பீச்சை அடையாளம் காண்பது பழகிய கண்ணுக்கே கஷ்டம். வயிற்றுக்கும் காலைக் கடல்தான் நல்லது.

பெரிய படகு நல்லதா, சின்னப் படகா?

இரண்டு மேல்தளம் கொண்ட பெரிய இரட்டையுடல் படகு ஆடுவது குறைவு. நிழல் இருக்கும், கழிவறை இருக்கும், உயரத்திலிருந்து பார்ப்பதால் நீருக்குள் போகும் உருவம்கூடத் தெரியும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போனால் இதுதான். குறை என்னவென்றால், திமிங்கிலம் இடப்பக்கம் தெரிந்தால் நூறு பேர் இடப்பக்கம் ஓடுவார்கள்.

காற்றடைத்த ரப்பர் படகு நீர்மட்டத்துக்குச் சமமாக இருக்கும். திமிங்கிலம் மூச்சுவிடும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். ஆனால் வேகமாகப் போகும்போது ஒவ்வொரு அலையும் முதுகெலும்பில் இறங்கும். கர்ப்பிணிகளையும் முதுகுவலி உள்ளவர்களையும் இதில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினால் அந்த நிறுவனத்தையே சந்தேகப்படுங்கள்.

நல்ல படகு நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரப் படங்களைப் பாருங்கள். படத்தில் படகு திமிங்கிலத்தின் முதுகை ஒட்டி நின்றால், அல்லது ஒரே திமிங்கிலத்தைச் சுற்றி நாலைந்து படகுகள் இருந்தால், அங்கே வேண்டாம். தங்கள் தவறைத் தாங்களே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு போன் செய்து கேளுங்கள். அனுமதி உரிமம் இருக்கிறதா? விவரம் சொல்ல இயற்கை வழிகாட்டி வருவாரா? படகில் எத்தனை பேர்? எல்லோருக்கும், குழந்தை அளவிலும், உயிர்காப்பு மேலங்கி உண்டா? கடலில் மொத்தம் எத்தனை மணி நேரம்? திமிங்கிலத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்திப் பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘எவ்வளவு கிட்ட வேண்டுமோ அவ்வளவு கிட்ட’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். எண்ணைச் சொல்பவர், ‘அதற்கு மேல் திமிங்கிலம்தான் முடிவு செய்யும்’ என்று சேர்த்துச் சொல்பவர், நம்பத்தக்கவர்.

‘திமிங்கிலம் உறுதி’ என்ற வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அதற்குப் பொருள், பார்க்காவிட்டால் இன்னொரு முறை இலவசமாக அழைத்துப் போவோம் என்பதுதான், பணம் திரும்பி வராது. மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறவருக்கு அந்த இலவசத்தால் என்ன பயன்? டால்பின் தெரிந்தாலே வாக்குறுதி நிறைவேறியதாகக் கணக்கு வைப்பவர்களும் உண்டு. சிறு எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். வானிலையால் ரத்தானால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. போகலாமா?

போகலாம், தயாராகப் போனால். இந்தக் கேள்வியை வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பவர்கள்தான் அதிகம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. உள்காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இந்தத் தகராறில் வயிறு மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மாத்திரை போடுவதென்றால் கிளம்பும் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் அநேகமாக வெளியே வந்துவிடும். சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்றவை பொதுவாகப் பயணத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே எடுப்பவை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையை இன்னும் பல மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். எல்லாமே தூக்கம் வரவைக்கக் கூடியவை, சிலருக்குச் சேராதவை. கர்ப்பிணிகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முதல்முறை எடுப்பவர் அதற்கு முன் ஒருநாள் வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரை போட்டுக்கொண்டு, திமிங்கிலம் வந்த நேரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார்.

வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டும் போகாதீர்கள். படகில் நடுப்பகுதியிலோ பின்பக்கத்திலோ உட்காருங்கள். அணியம், அதாவது படகின் மூக்கு, மிக அதிகமாக ஏறி இறங்கும் இடம். காற்றோட்டமாக வெளியே நின்று, கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள். போனைப் பார்க்காதீர்கள். என் அனுபவத்தில் அலையைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது, குனிந்து எடுத்த படத்தைச் சரிபார்ப்பதுதான். இஞ்சி சிலருக்கு உதவுகிறது. வாந்தி வந்தேவிட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள். பக்கத்தில் நிற்பவர் நன்றி சொல்வார்.

சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நான் யோசிப்பேன். ஆபத்து என்பதற்காக இல்லை, அலுப்பு என்பதற்காக. நாலு மணி நேரப் பயணத்தில் திமிங்கிலம் தெரிவது சில நிமிடங்கள், மிச்சமெல்லாம் நீர். அதைத் தாங்கும் குழந்தையும் இருக்கிறது, தாங்காத அப்பாவும் இருக்கிறார். முதலில் இரண்டு மணி நேரப் பயணத்தில் தொடங்குங்கள்.

உண்மையில் என்னதான் தெரியும்?

நேர்மையாகச் சொல்கிறேன்: பெரும்பாலும் ஒரு முதுகு. நிழற்படங்களில் பார்க்கிற மாதிரி முழு உடம்பும் காற்றில் எழும்பிப் புரள்வது ஹம்ப்பேக்கில் நடக்கும், ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் நடக்காது. நீலத் திமிங்கிலத்திடம் அதை எதிர்பார்க்கவே வேண்டாம்.

முதலில் தெரிவது மூச்சு. அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நீலத் திமிங்கிலத்தினுடையது ஒல்லியான உயரமான தூண், 9 மீட்டர் வரைகூட எழும். ஹம்ப்பேக்கினுடையது குட்டையாக, புதர் மாதிரி. சாம்பல் திமிங்கிலம் ஊதினால், நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது இதய வடிவம். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு மூக்குத் துளை தலையின் இடப்பக்க நுனியில் இருப்பதால் மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். காற்று உங்கள் பக்கம் அடித்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்வீர்கள்: திமிங்கிலத்தின் மூச்சு நாறும்.

அடுத்து முதுகு வளையும். வளைவு செங்குத்தானால் ஆழ முங்கப் போகிறது என்று பொருள், கேமராவை அப்போது தூக்குங்கள், வால் வரும். முங்கிய இடத்தில் எண்ணெய் பரவியது போல் ஒரு வழுவழுப்பான வட்டம் மிதக்கும், வால் அடித்த வேகத்தில் மேலேறிய நீர் அது. பிறகு காத்திருப்பு. ஓய்வெடுக்கும் தாய் ஹம்ப்பேக் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வரும், குட்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும். ஸ்பெர்ம் திமிங்கிலம் இரைக்காக முங்கினால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பொறுமையில்லாத படகோட்டி அதற்குள் வேறு திசைக்குப் போய்விடுவார், நல்லவர் எஞ்சினை நிறுத்திவிட்டு நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதன் ‘டிக், டிக்’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. 100 மீட்டர் என்பது பல இடங்களில் உள்ள எல்லை. ஹவாயில் ஹம்ப்பேக்குக்கு 100 கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர். குட்டி இருந்தால் சில நாடுகளில் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். பக்கவாட்டில் மெதுவாக, அதன் திசையிலேயே செல்ல வேண்டும். முன்னால் போய் வழிமறிக்கவோ, பின்னால் துரத்தவோ, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகவோ கூடாது.

இதில் பெரிய தர்க்கம் ஒன்றும் இல்லை. பட்டினியாக இருக்கும் தாய், படகுக்குப் பயந்து ஓடும் ஒவ்வொரு முறையும் குட்டிக்குப் போக வேண்டிய பாலைச் செலவழிக்கிறது. எல்லை மீறச் சொல்லிப் படகோட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படகோட்டியை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது.

எஞ்சினை நிறுத்தி நிற்கும்போது திமிங்கிலமே கிட்ட வந்தால் அது வேறு கதை. அதற்குப் பெயர் பெற்ற இடம் பாஹா கலிஃபோர்னியாவின் சான் இக்னாசியோ உப்பங்கழி. 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பாஹாவின் உப்பங்கழிகளுக்குள் புகுந்து தாய்களையும் குட்டிகளையும் கொன்று குவித்தன. குட்டியைக் காக்கத் தாய்கள் படகுகளை உடைத்ததால் வேட்டைக்காரர்கள் சாம்பல் திமிங்கிலத்துக்கு வைத்த பெயர் ‘பிசாசு மீன்’. உள்ளூர் மீனவர்களும் அதைக் கண்டால் விலகிப் போனார்கள். 1972இல் பாச்சிக்கோ மயோரல் என்ற மீனவரின் படகருகே ஒன்று வந்து நகராமல் நின்றது. அவர் பயந்துகொண்டே கையை நீட்டித் தொட்டார். இன்றும் அங்கே சில தாய்கள் குட்டியைப் படகின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றன. ஒரே நேரத்தில் எத்தனை படகுகள் நிற்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வராத திமிங்கிலத்தைத் தேடிப் போய்த் தொடும் உரிமை அங்கேயும் யாருக்கும் இல்லை.

திமிங்கிலத்தோடு நீந்தலாமா?

பல நாடுகளில் சட்டப்படி கூடாது. உரிமத்தோடு அனுமதிக்கும் நாடுகளில் டோங்கா முக்கியமானது. அங்கே ஒரு நேரத்தில் நான்கு பேரும் ஒரு வழிகாட்டியும் மட்டுமே நீரில் இறங்கலாம். ‘நீச்சல் தெரியும்’ என்பது நீச்சல் குளத்துத் தெரிதலாக இருந்தால் போதாது. ஆழ்கடலில், அலையில், முகமூடியும் துடுப்புக்காலணியும் போட்டு அமைதியாக மிதக்கப் பழகியிருக்க வேண்டும். குட்டி விளையாட்டாகத் திரும்பினால்கூட அது ஒரு டன் எடையுள்ள விளையாட்டு. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், முதல் பயணத்தில் வேண்டாம்.

திமிங்கிலச் சுறாவும் இதில் சேர்த்தியா?

இல்லை, அது மீன். செவுளால் மூச்சுவிடும், மூச்சுக்காக மேலே வரத் தேவையில்லை. உடம்பு பெரிதாக இருப்பதால் அந்தப் பெயர். சில ஏற்பாட்டாளர்கள் இரண்டையும் ஒரே விளம்பரத்தில் குழப்புவார்கள், எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு கேட்குமா?

ஹம்ப்பேக் இனப்பெருக்கக் கடல்களில் கேட்க நல்ல வாய்ப்பு உண்டு. பாடுவது ஆண்கள் மட்டும். அது தாறுமாறான சத்தம் அல்ல, அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வரும் அமைப்புள்ள பாட்டு என்று ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு பகுதியில் உள்ள ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடும், ஆண்டுக்கு ஆண்டு அது கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஒலிவாங்கி உள்ள படகா என்று முன்பே கேட்டுவையுங்கள். அது இல்லாவிட்டாலும், சீசன் உச்சத்தில் மௌயி கரையோரம் தலையை நீருக்குள் அமிழ்த்தினால் போதும், தூரத்தில் யாரோ முனகுவது கேட்கும்.

கேமரா, பைனாகுலர் விஷயத்தில் என்ன செய்வது?

கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000க்குக் கீழே இறங்க வேண்டாம், தொடர் படம் எடுக்கும் முறையில் வையுங்கள், 70–300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். அதைவிடப் பெரியதை ஆடும் படகில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கைபேசி மட்டும் இருந்தால் வீடியோ எடுங்கள், படம் பிறகு பிரித்துக்கொள்ளலாம். பைனாகுலர் 7 அல்லது 8 மடங்கு, பத்துக்கு மேல் போனால் அலைதான் பெரிதாகத் தெரியும்.

வாலின் அடிப்பக்கம் தெளிவாக விழுந்த படம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ஹம்ப்பேக்கின் வாலடியில் உள்ள கறுப்பு வெள்ளைத் தடங்கள் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஹேப்பிவேல் என்ற தளத்தில் படத்தை ஏற்றினால், அந்தத் திமிங்கிலத்தை இதற்கு முன் எங்கே யார் பார்த்தார்கள் என்று தெரியவரும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பல இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

வெப்பக் கடல் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகிறவர்கள் விடியற்காலைக் காற்றில் நடுங்குவார்கள், பத்து மணிக்கு மேல் அதே ஆட்கள் வெயிலில் கருகுவார்கள். காற்று புகாத ஒரு மேலங்கி, கயிறு கட்டிய தொப்பி, நீரின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி, வழுக்காத செருப்பு, சன்ஸ்கிரீன், குடிநீர், கேமராவுக்கு நீர் புகாத பை. இவ்வளவு போதும்.

படகே ஏறாமல் கரையிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும், சில இடங்களில் நன்றாகவே முடியும். மௌயியில் சீசன் உச்சத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாலே மூச்சுப் பீச்சுகள் தெரியும். திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்குக் கீழே கடல் சட்டென்று மிக ஆழமாகிவிடுகிறது. அதனால் அங்கே நின்றபடியே நீலத் திமிங்கிலம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காற்றில்லாத காலையில், சூரியன் கண்ணில் அடிக்காத பக்கமாக நின்று, முதலில் வெறுங்கண்ணால் தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். வெள்ளையாக ஒன்று எழுந்து, அலை நுரை போல உடனே உடையாமல் ஓரிரு விநாடி காற்றில் தொங்கினால், பைனாகுலரை எடுக்கலாம்.